தொழிற்சாலையில் தயாராகும் வீடு... வேகமா கட்டலாம், வெயிலைத் தாங்குமா? சுவர் முதல் கரண்ட் பில் வரை முழு விளக்கம்!

மே மாசம். ராத்திரி பத்து மணி. ஃபேன் ஃபுல் ஸ்பீடுல சுத்துது. ஆனா கீழே இறங்குறது அனல் காத்துதான். சுவரில் கை வைத்தால், அடுப்பை அணைத்து வெகுநேரம் ஆன பிறகும் ஆறாத தோசைக்கல் மாதிரி இன்னும் சூடு. மேல் மாடியில் குடியிருக்கும் யாருக்கும் இதைப் புதுசா சொல்ல வேண்டியதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கான வீடுகள் இனி செங்கல் மேல் செங்கல் அடுக்கிக் கட்டப்படுவது குறைந்துகொண்டே வருகிறது. தூண், பீம், தளம் எல்லாம் யார்டில் வார்த்து, லாரியில் கொண்டு வந்து, கிரேனில் தூக்கி மாட்டிவிடுகிறார்கள். வேகம் கிடைக்கிறது. அளவு பிசகாத வேலை கிடைக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்குள்ளே கத்திரி வெயிலில் ஒரு குடும்பம் தூங்க முடியுமா? இந்தக் கேள்விக்கான பதில், வீடு கட்டும்போது இல்லை. அதற்கு முன்னால், அச்சு தயாராகும்போதே முடிவாகிவிடுகிறது. எப்படி? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தொழிற்சாலை வீடு என்றால் என்ன?

வீட்டின் பாகங்களை வேறு இடத்தில் தயாரித்து, மனையில் கொண்டு வந்து பொருத்துவதுதான் இதன் அடிப்படை. இதில் பல வகை உண்டு.

பிரீகாஸ்ட்: கான்கிரீட் தூண், பீம், தளம், சில திட்டங்களில் சுவரும்கூட, இரும்பு அச்சில் வார்க்கப்பட்டு வரும்.

வால்யூமெட்ரிக்: ஒரு அறையையே முழுசா பெட்டி மாதிரி வார்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது.

சாண்ட்விச் பேனல்: இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவில் வெப்பம் தடுக்கும் பொருளை வைத்த சுவர். பிரெட்டுக்கு நடுவில் ஜாம் மாதிரி.

எஃகுச் சட்டகம்: மெல்லிய இரும்புத் தகட்டை மடித்துச் செய்த சட்டங்களை நிறுத்தி, மேலே பலகை மூடுவது.

பெரும்பாக்கத்தில் நடந்தது என்ன?

இதற்கு நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2021 ஜனவரி 1-ஆம் தேதி, ஆறு ஊர்களில் 'லைட் ஹவுஸ்' வீட்டுத் திட்டங்களுக்குப் பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். ஒவ்வொரு ஊரிலும் சுமார் ஆயிரம் வீடு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு தொழில்நுட்பம். இதுதான் திட்டம்.

சென்னை: பிரீகாஸ்ட் கான்கிரீட்
இந்தூர்: சாண்ட்விச் பேனல்
ராஜ்கோட்: சுரங்க வடிவ அச்சில் சுவரையும் தளத்தையும் ஒரே மூச்சில் வார்ப்பது
ராஞ்சி: முழு அறையாக வார்க்கும் வால்யூமெட்ரிக் முறை
அகர்தலா: எஃகுச் சட்டகம்
லக்னோ: பி.வி.சி. அச்சுக்குள் கான்கிரீட் நிரப்பி, அச்சையும் சுவரோடு விட்டுவிடுவது

சென்னைக்கான 1,152 வீடுகள் பெரும்பாக்கத்தில் எழுந்தன. தரைத்தளமும் அதற்கு மேல் 5 மாடியும். 2022 மே 26-ஆம் தேதி திறப்பு விழா. அடிக்கல் நாட்டியதில் இருந்து ஒன்றரை வருஷத்துக்குள். அதுவும் கொரோனா இரண்டாம் அலைக்கு நடுவில்! வழக்கமான முறையில் இது கஷ்டம். தளம் போட்டு, சென்ட்ரிங் பிரித்து, தண்ணீர் ஊற்றி ஆற வைத்து, அப்புறம் அடுத்த மாடி என்று காத்திருக்கும் நேரமே பாதி திட்டத்தைச் சாப்பிட்டுவிடும்.

ஆக, வேகம் நிரூபணமாகிவிட்டது. அடுத்த கேள்வி, சூடு.

கான்கிரீட் ஏன் ராத்திரியிலும் சுடுகிறது?

கான்கிரீட் வலுவான பொருள். ஆனால் வெப்பத்தைத் தடுப்பதில் வீக். அதை அளக்க ஓர் எண் இருக்கிறது. பெயர் யு-வேல்யூ. வெளியே ஒரு டிகிரி அதிகமாக இருந்தால், ஒரு சதுர மீட்டர் சுவர் வழியாக எத்தனை வாட் வெப்பம் உள்ளே வரும் என்பதுதான் அது. எண் குறைந்தால் வீடு குளிரும். அவ்வளவுதான்.

தோராயமாக ஒப்பிட்டுப் பார்ப்போம்:

15 செ.மீ. கான்கிரீட் சுவர்: 3.5-க்கு மேல்
ஒன்பது இன்ச் செங்கல் சுவர், பூச்சோடு: சுமார் 2
20 செ.மீ. ஏ.ஏ.சி. பிளாக் சுவர் (தண்ணீரில் மிதக்கும் அந்த எடை குறைந்த சாம்பல் நிறக் கல்): 0.8-க்குப் பக்கம்

அதாவது, வெறும் கான்கிரீட் சுவர் செங்கல் சுவரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேலும், ஏ.ஏ.சி. சுவரைவிட நான்கு மடங்குக்கு மேலும் வெப்பத்தை உள்ளே விடுகிறது.

இன்னொரு சிக்கல், நேரம். கான்கிரீட் வெப்பத்தை உடனே கொடுத்துவிடாது. வாங்கி வைத்துக்கொண்டு நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் உள்பக்கம் விடும். மத்தியானம் இரண்டு மணி வெயில், சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு வீட்டுக்குள் வந்து சேரும். குழந்தைகள் ஸ்கூல் விட்டு வந்து, பெரியவர்கள் வேலை முடிந்து வந்து உட்காரும் நேரம் அது.

மேல் மாடிக்காரர்கள் செய்த பாவம் என்ன?

ஆறு தளங்கள் உள்ள கட்டடத்தில் ஆறில் ஒரு பங்கு வீடுகள் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும். 1,152 வீடுகள் என்றால், எல்லா மாடியிலும் சம எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டால் 192 வீடுகள்.

ஒரு சின்னக் கணக்கு. மொட்டை மாடித் தளம் வெயிலில் 60 டிகிரி வரை போகலாம். வீட்டுக்குள் 32 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 28 டிகிரி. வெறும் கான்கிரீட் தளம் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 100 வாட் கீழே இறங்கும். 25 சதுர மீட்டர் வீட்டுக்கு 2,500 வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி இரண்டரையை கூரையில் மாட்டி ஆன் பண்ணி விட்ட மாதிரி! இது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் வெயிலைக் கணக்கில் எடுக்காத தோராயக் கணக்குதான். ஆனால் பிரச்சினையின் சைஸ் இதில் புரிந்துவிடும்.

தீர்வு ராக்கெட் சயின்ஸ் இல்லை. தளத்தின் மேல் 2 செ.மீ. முதல் 5 செ.மீ. வரை வெப்பத் தடுப்புப் பலகை பதித்து, அதன்மேல் வெள்ளை ஓடோ, வெள்ளைப் பூச்சோ போட்டால் இந்த வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். நம்ம ஊர்ப் பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டோடு பதித்தது சும்மா இல்லை. வெள்ளைப் பூச்சில் ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வேண்டும்: தூசி படிந்தால் பலன் குறையும். அவ்வப்போது கழுவணும், சில வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி அடிக்கணும்.

தெலங்கானா இதற்காகவே 2023-ல் தனிக் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைகளை மாநிலம் முழுக்கப் பரப்புவது அதன் நோக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வீடுகளுக்கென்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018 டிசம்பரில் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. பெயர் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'. 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் எழும் குடியிருப்புகளுக்கானது. அதன் முக்கியமான மூன்று அளவுகோல்கள் இவை:

1. சுவர், ஜன்னல் இரண்டும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம், சராசரியாகச் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. இதை ஆர்.இ.டி.வி. என்கிறார்கள்.

2. கூரையின் யு-வேல்யூ 1.2-க்கு மேல் போகக் கூடாது. வெறும் கான்கிரீட் தளம் இதைப் போல் மூன்று மடங்கு என்பதை மேலே பார்த்தோம்.

3. சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு, வீட்டின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

நல்ல விதிகள்தான். ஆனால் மாநிலங்கள் தங்கள் கட்டட விதிகளில் சேர்த்தால்தான் இது கட்டாயம் ஆகும். அதுவரை அது நல்ல ஆலோசனை, அவ்வளவே.

ஜன்னல் இருக்கு... காத்து வருதா?

மூன்றாவது விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். ஏனென்றால் சென்னையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய எதிரி. வியர்வை காயணும் என்றால் உடம்பின் மேல் காற்று படணும்.

300 சதுர அடி வீட்டுக்கு ஆறில் ஒரு பங்கு என்றால் 50 சதுர அடி திறப்பு வேண்டும். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. இப்போது எல்லா இடத்திலும் போடப்படும் ஸ்லைடிங் ஜன்னல், எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும். 50 சதுர அடி காற்றுக்கு 100 சதுர அடி ஜன்னல் வைக்கணும்! சின்ன வீட்டில் அதற்குச் சுவர் ஏது? அதே இடத்தில் கதவு மாதிரி வெளியே திறக்கும் பழைய மாடல் ஜன்னல் என்றால் 90 சதவீதம் திறக்கும். 55, 56 சதுர அடி போதும். பால்கனிக் கதவும் இந்தக் கணக்கில் சேரும்.

அடுத்தது, காற்று வந்தால் மட்டும் போதாது. வெளியேறவும் வழி வேண்டும். நடுவில் காரிடார், இரண்டு பக்கமும் வீடுகள் என்று அடுக்கிய கட்டடங்களில் பல வீடுகளுக்கு ஒரே பக்கம்தான் ஜன்னல். எதிர்ப்பக்கம் வாசல் கதவு மட்டுமே. காற்று வேண்டும் என்றால் கதவைத் திறந்து வைக்கணும். திறந்தால் காரிடாரில் போகிறவர்கள் எல்லாருக்கும் வீடு தெரியும். பெண்கள் தனியாக இருக்கும் மத்தியானத்தில் கதவு மூடியே இருக்கும். கதவுக்கு மேலே கம்பி போட்ட வென்டிலேட்டர் ஒன்று அச்சிலேயே இருந்தால், கதவை மூடிக்கொண்டே கடல் காற்றை வீட்டுக்குள் ஓட விடலாம்.

'மாடர்ன் லுக்' எங்கே இடிக்கிறது?

இன்றைய எலிவேஷன் ஃபேஷன் என்ன? தட்டையான முகப்பு, அடர் சாம்பல் பெயின்ட், பெரிய கண்ணாடி, சன்ஷேடு இல்லாத ஜன்னல். போட்டோவில் அழகா இருக்கும். சென்னை வெயிலில் ஒவ்வொன்றும் ஒரு தப்பு.

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. கோடையில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். அதனால் வடக்கு, தெற்குச் சுவர்களில் அப்போது வெயில் குறைவு. கூரையும் கிழக்கு, மேற்குச் சுவர்களும்தான் அடி வாங்கும். குறிப்பாக மேற்கு. சாயங்கால வெயில் சாய்வாக வருவதால் மேலே நீட்டிய சன்ஷேடு மட்டும் தடுக்காது. பக்கவாட்டிலும் தடுப்பு வேண்டும், பெட்டிக்குள் ஜன்னல் வைத்த மாதிரி.

ஆகவே கட்டடத்தின் நீளப் பக்கம் வடக்கு, தெற்கு பார்க்க நிற்பது, மேற்கில் படிக்கட்டு, லிஃப்ட், குளியலறையைத் தள்ளுவது, வெளிர் நிறம் அடிப்பது... இதெல்லாம் கிட்டத்தட்ட செலவே இல்லாத வேலைகள். நம்மைப் போலவே புழுங்கும் ஊரான சிங்கப்பூரில், அரசின் வீட்டு வசதி வாரியம் 1980-களில் இருந்தே பிரீகாஸ்ட் பாகங்களை வைத்துக் கட்டுகிறது. அங்கேயும் மேற்கு வெயிலைத் தவிர்க்கும்படி கட்டடத்தை நிறுத்துவது அடிப்படைப் பாடம்.

ராஜ்கோட் கற்றுக் கொடுத்தது

குஜராத்தின் ராஜ்கோட்டில், லைட் ஹவுஸ் திட்டத்துக்குத் தொடர்பில்லாத இன்னொரு அரசு குடியிருப்பு இருக்கிறது. 'ஸ்மார்ட் கர்-3' என்று பெயர். 1,176 வீடுகள். இந்திய-சுவிட்சர்லாந்து கூட்டு எரிசக்தித் திட்டத்தின் நிபுணர்கள் வரைபடக் கட்டத்திலேயே உள்ளே வந்தார்கள். அவர்கள் ஏசியைத் தேடிப் போகவில்லை. சுவருக்கு ஏ.ஏ.சி. பிளாக், முழுசாகத் திறக்கும் ஜன்னல், குழாய்கள் போகும் பொதுக் குழி வழியாகச் சூடான காற்றை மேலே இழுத்து வெளியேற்றும் ஏற்பாடு. இவ்வளவுதான். கோடை உச்சத்தில் அறையின் வெப்பம் 5 டிகிரிக்கு மேல் குறையும் என்று வடிவமைப்பில் கணக்கிட்டார்கள்.

ஐந்து டிகிரி என்பது சாதாரணம் இல்லை. 38-ல் தவிப்பதற்கும் 33-ல் ஃபேன் போட்டுத் தூங்குவதற்கும் உள்ள தூரம் அது.

அமெரிக்கா தரும் எச்சரிக்கை

தொழிற்சாலை வீடு என்றாலே உலகம் அமெரிக்காவைத்தான் பார்க்கும். சுமார் 2 கோடி பேர் அங்கே இப்படிப்பட்ட வீடுகளில் வாழ்கிறார்கள். பெரும்பாலும் வருமானம் குறைந்த குடும்பங்கள். 1976 ஜூன் 15 முதல் இந்த வீடுகளுக்கு ஒரே தேசியத் தரவிதி அமலில் இருக்கிறது. அதற்கு முந்தைய வீடுகள் பலவற்றில் சுவர் மெல்லியது, இண்டு இடுக்கில் காற்று ஒழுகும். வீடு மலிவு, ஆனால் குளிருக்கும் வெயிலுக்கும் கட்டும் பில் அதிகம்.

எரிசக்தித் தரத்தை உயர்த்தச் சொல்லி அந்நாட்டு நாடாளுமன்றம் 2007-ல் சட்டம் போட்டது. விதி வெளிவந்தது 2022 மே மாதம். 15 வருஷம்! அதற்கப்புறமும் அமலாகும் தேதி தள்ளிப்போனது. காரணம் என்ன? தரத்தை உயர்த்தினால் வீட்டின் விலை ஏறும், ஏழைகளால் வாங்க முடியாது என்று ஒரு பக்கம். விலை குறைந்த வீட்டை வாங்கிவிட்டு ஆயுசு முழுக்க பில் கட்டுவது யார் என்று இன்னொரு பக்கம். இந்தச் சண்டை நடந்த வருஷங்களில் தயாரான ஒவ்வொரு வீடும் பழைய தரத்தில்தான் வெளியே வந்தது.

கரண்ட் பில்லில் இது எப்படித் தெரியும்?

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். சின்ன வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த 100 என்ற கோடு ரொம்ப முக்கியம்.

75 வாட் சாதாரண ஃபேன் இரண்டு, தினமும் 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்கு 135 யூனிட். ஃபேனே கோட்டைத் தாண்டிவிட்டது!

அதையே 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் 54 யூனிட்.

வீடு ஃபேனுக்கு அடங்கவில்லை, தவணையில் ஒரு டன் ஏசி வாங்கியாச்சு என்றால்? ஒரு ராத்திரிக்கு 5 யூனிட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்குக் கூடுதலாக 300 யூனிட்.

சுவரிலும் கூரையிலும் மிச்சம் பிடித்த காசு, இப்படித்தான் குடியிருப்பவர் பாக்கெட்டில் இருந்து போகிறது. கட்டுகிறவருக்கு அது ஒரு தடவை மிச்சம். இருப்பவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை செலவு.

அப்புறம் மாத்திக்கலாமே?

முடியாது என்பதுதான் இந்த வீடுகளின் ஸ்பெஷல் சிக்கல். சாதாரண தூண்-பீம் வீட்டில் செங்கல் சுவரைக் கொஞ்சம் இடித்து ஜன்னலைப் பெரிசாக்கலாம். சுவரும் கான்கிரீட்டாக வார்க்கப்பட்ட வீட்டில் பல நேரம் அந்தச் சுவர்தான் கட்டடத்தையே தாங்குகிறது. அதை உடைப்பது உங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை, மேலே கீழே உள்ள வீடுகளுக்கும் ஆபத்து.

பாகங்கள் சேரும் இணைப்புகளும் கவனிக்க வேண்டிய இடம். வடகிழக்குப் பருவமழையில் சாய்வாக அடிக்கும் தண்ணீர், இணைப்பில் அடைத்த பசை விட்டுப்போயிருந்தால் நேராக உள்ளே வரும். ஊறிய சுவர் வெப்பத்தை இன்னும் அதிகமாகக் கடத்தும்.

வீடு ஒதுக்கீடு வந்தால் எதைப் பார்க்கணும்?

* சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் எல்லா வீடும் குளுகுளுதான்.
* எந்த அறையின் சுவர் மேற்கே பார்க்கிறது, அதில் நிழல் தடுப்பு உண்டா?
* எதிரெதிரே இரண்டு திறப்பு இருக்கிறதா? ஜன்னல் பாதி திறக்குமா, முழுசா திறக்குமா?
* மேல் மாடி என்றால், மொட்டை மாடியில் வெப்பத் தடுப்பு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். வெறும் வெள்ளைப் பெயின்டா, பலகையா என்பதையும்.
* இணைப்புகளில் கறை, ஈரம் தெரிகிறதா?
* எந்தச் சுவரில் துளை போடலாம், எதில் கூடாது? பராமரிப்பவர்களிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஏற்கெனவே குடியேறிவிட்டீர்களா? மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு, மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி, பழைய ஃபேனுக்குப் பதில் பி.எல்.டி.சி. இந்த மூன்றும் ஒரு ஏசியின் விலைக்குள் முடிந்துவிடும். கூரைப் பூச்சை மட்டும் தனியாகச் செய்யாமல், பிளாக்கில் இருப்பவர்கள் சங்கமாகச் சேர்ந்து செய்தால் செலவு இன்னும் குறையும்.

பெரிய மாற்றம் மட்டும் வரைபடத்தில்தான் நடக்கணும். அச்சில் ஒரு சன்ஷேடு சேர்த்தால் ஆயிரம் வீட்டுக்கும் நிழல் கிடைக்கும். அச்சில் விட்டுப்போனால் ஆயிரம் வீட்டிலும் வெயில்தான். உங்கள் ஊரில் அடுத்த குடியிருப்புத் திட்டம் அறிவிக்கப்படும்போது 'எத்தனை வீடு, எப்போ ரெடி?' என்ற கேள்விகளோடு, 'கூரையின் யு-வேல்யூ என்ன?' என்றும் சேர்த்துக் கேளுங்கள். கேட்க வேண்டிய நேரம் அதுதான்.